எல்லோரும் கேட்ட இரகசியம்

முதலில் பேசி வந்த கல்யாணம் கலைந்துபோனதற்கு என் படிப்புதான் காரணம். மாப்பிள்ளையின் உம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். வட்டிலப்பம் சாப்பிட்டார், என் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார், எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு கேட்டார்:

"மகள் கம்பஸ்ல என்ன படிப்பிக்கிற?"

"மறைகுறியாக்கம் மாமி. ஒரு ஆள் அனுப்புற செய்திய வேற ஆக்கள் வாசிக்க ஏலாமப் பண்ற கணக்கு."

"அப்ப மத்த ஆக்கள்ட செய்திய வாசிக்கவும் தெரியுமா?"

ஆய்வு மாணவியாகவும் விரிவுரையாளராகவும் ஒரே நேரத்தில் இருப்பவளுக்குப் பொய் சொல்ல வராது. "பூட்டு எந்த இடத்துல உடையும் எண்டு தெரிஞ்சாத்தானே மாமி, உடையாத பூட்டு செய்யலாம்" என்றேன். மடியில் இருந்த என் கை மெதுவாக என்னிடமே திரும்பி வந்தது. இரண்டு நாள் கழித்துத் தரகர் மூலம் செய்தி வந்தது: மகனின் போனைத் திறந்து பார்க்கக்கூடிய பெண் தங்களுக்குத் தோதுப்படாதாம்.

உம்மா அன்று பகல் முழுவதும் என்னுடன் பேசவில்லை. வாப்பாவோ இதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் தேநீர் புரையேறிவிட்டது. "அந்தப் பொடியன்ட போன்ல என்னவோ இரிக்கி. நமக்கு லாபந்தான்" என்றார்.

எங்கள் வீடு கல்முனையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது. வாப்பாவுக்கு நாவிதன்வெளிப் பக்கம் வயல். உம்மா பக்கத்து வீடுகளில் என் தொழிலை விளங்கப்படுத்தியிருந்த விதம் இதுதான்: "மகள் கம்பியூட்டருக்குப் பூட்டுப் போடுறாள்." அதனால் எங்கள் வீட்டுக்குப் பூட்டிய போன்கள் வந்துகொண்டே இருந்தன. கடவுச்சொல்லை மறந்த சாச்சிமார், பிள்ளை எதையோ அழுத்தித் திறக்க முடியாமல் போன டெப்லெட்டுகள், ஒருமுறை மெய்யான இரும்புப் பெட்டி ஒன்று. பெட்டியைக் கொண்டு வந்தவரிடம் இது என் வேலை இல்லை என்றேன். "பூட்டுத்தானே மகள், எல்லாம் ஒண்டுதான்" என்று அவர் அதை எங்கள் வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார். வாப்பா சுத்தியலால் திறந்து கொடுத்தார்.

மெய்யான என் ஆய்வு இப்படி இருந்தது. வயல் வாய்க்கால்களில் நீர்மட்டத்தை அளந்து அனுப்பும் சிறு பெட்டிகள் வரத் தொடங்கியிருந்த காலம். அவற்றுக்கு ஒரு சின்ன பற்றரிதான் பலம். அந்தப் பெட்டி அனுப்பும் செய்தியை நடுவில் யாரும் மாற்றிவிடக் கூடாது. தண்ணீர் இருக்கிற இடத்தில் இல்லை என்று யாராவது மாற்றி அனுப்பினால், மதகைத் திறக்கவைத்து ஒரு வட்டையின் வயல்கள் முழுவதையும் மூழ்கடித்துவிடலாம். பெரிய கணினிகள் செய்யும் பாதுகாப்பை ஒரு தீப்பெட்டி அளவான சாமானுக்குள் எப்படி அடக்குவது என்பதுதான் என் கேள்வி. காலையில் பல்கலைக்கழகத்தில் படிப்பிப்பேன். பின்னேரம் வாப்பாவின் மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்து வயலுக்குப் போய், சேற்றில் நட்டிருந்த என் பெட்டிகளைப் பார்ப்பேன். என்ன கஷ்டம் வந்தாலும் அந்த வேலையை நான் விரும்பினேன். ஒரு கணக்கு சரியாகப் பொருந்தும்போது நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி வரும். அதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருக்கும். சொல்லத்தான் ஆள் இல்லை.

இரண்டாவது சம்பந்தம் ஒலுவிலில் இருந்து வந்தது. மாப்பிள்ளைக்கும் அவருடைய காக்காவுக்கும் (அண்ணனை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) ஒலுவில் துறைமுகத்தில் பலநாள் படகுகள் இரண்டு இருந்தன. காக்கா ஒன்றில், இவர் மற்றதில். ஆழ்கடலுக்குப் போனால் கரை திரும்பப் பல நாள் ஆகும். பாடசாலையில் ஏ.எல். உயர்தர வகுப்பில் கணிதம் படித்தவராம், பிறகு கடலுக்குப் போய்விட்டாராம்.

உம்மாவுக்குப் பெரிதாகப் பிடிக்கவில்லை. "கடல்ல போற மனிசன். கரையில எத்தின நாள் நிப்பார்?" என்றார்.

"வாய்க்கால்ல நிக்கிற பொம்புளைக்கு கடல்ல நிக்கிற மாப்புளதான் சரி" என்றார் வாப்பா.

அவர்கள் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு. மாப்பிள்ளை, அவருடைய உம்மா, அவருடைய ராத்தா, அதாவது அக்கா. அந்த ராத்தா பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறவர் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஹோலில் கதிரைகளை வட்டமாகப் போட்டிருந்தோம். என்னை உம்மாவுக்குப் பக்கத்தில் இருத்தினார்கள். மாப்பிள்ளை எதிரே இருந்தார். வெயிலில் கறுத்த முகம், புதிதாக இஸ்திரி போட்ட சேர்ட், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழங்காலில் வைத்திருந்தார்.

அவருடைய உம்மா அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் உம்மாவின் முகத்தைப் பார்த்தேன். 'சுருக்கமாச் சொல்லு' என்று கண்ணால் கெஞ்சினார். "செய்திகளப் பாதுகாக்கிற கணக்கு மாமி" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டேன்.

அப்போது மாப்பிள்ளை முதன்முறையாக வாய் திறந்தார்.

"நாங்களும் அந்த வேலதான் செய்யிற."

எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னார்:

"கடல்ல வயர்லெஸ் செட்லதான் கதைக்கிற. அதுல கதைக்கிறது எல்லாப் படகுக்கும் கேக்கும். எனக்கு ஒரு இடத்துல சூரை மீன் நல்லாப் படுது எண்டு காக்காவக் கூப்பிட்டா, காக்கா வாறதுக்கு முன்னுக்கு மத்தப் படகெல்லாம் வந்து நிக்கும். அதனால நாங்க வேற கதை கதைக்கிற. 'மாமிக்குக் காய்ச்சல்' எண்டா மீன் இல்ல. 'மாமி கல்யாண வீட்ட போறா' எண்டா உடன வா எண்டு அர்த்தம்."

வாப்பா சத்தமாகச் சிரித்தார். உம்மா சிரிக்கவில்லை. இன்னும் மாமியாகாத தனக்கே காய்ச்சல் வந்ததுபோல இருந்தது அவர் முகம்.

"அது நல்லம்தான்" என்றேன் நான். பேச வேண்டாம் என்று உம்மா சொன்னது மறந்துபோயிற்று. "ஆனா கொஞ்ச நாள்ல மத்த ஆக்களுக்கு விளங்கிருமே?"

"ஓம், அதுதான் பிரச்சின. மாமி ஒவ்வொரு முறை கல்யாண வீட்ட போகக்குள்ளயும் எங்கட பக்கம் படகு கூடுது. சொல்ல மாத்தணும். மாத்துறதெண்டா கரைக்கு வந்து ரெண்டு பேரும் தனிய இருந்து கதைக்கணும். நடுக்கடல்ல வெச்சு மாத்த ஏலா. செட்ல சொன்னா எல்லாருக்கும் கேக்குமே." அவர் நிறுத்தி, என்னை நேராகப் பார்த்தார். "நான் யோசிச்சிரிக்கன். எல்லாரும் கேட்டுட்டு இரிக்கக்குள்ள, ரெண்டு பேர் மட்டும் ஒரு ரகசியத்த முடிவு பண்ண வழி இரிக்கா? ஏலாதுதானே?"

என் துறையின் முதற் பாடமே அந்தக் கேள்விதான். நான் வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நின்று எத்தனையோ முறை பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறேன். பரீட்சைக்கு வருமா என்று திருப்பிக் கேட்பார்கள். இந்த மனிதர் யாரும் கேட்காமலே, கடலில் தனியே நின்று அதை யோசித்திருக்கிறார்.

"ஏலும்" என்றேன்.

"ஏலுமா?"

"ஓம். இந்த ஹோல்லயே செஞ்சு காட்டலாம். எல்லாரும் கேட்டுட்டு இரிக்கட்டும்."

உம்மா என் முழங்கையைக் கிள்ளினார். அவருடைய ராத்தாவோ கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, "செய்யுங்க தங்கச்சி, பாப்பம்" என்றார்.

நான் விளங்கப்படுத்தினேன். முதலில் நாங்கள் இருவரும் இரண்டு எண்களைச் சத்தமாகச் சொல்லி ஒத்துக்கொள்ள வேண்டும். ஒன்று சின்னது. மற்றது கொஞ்சம் பெரிய முதன்மை எண், ஒன்றாலும் தன்னாலும் மட்டும் வகுபடுவது. இவை யாருக்கும் தெரியலாம். பிறகு அவர் மனதுக்குள் ஓர் எண்ணை வைத்துக்கொள்ள வேண்டும், நானும் ஒன்றை வைத்துக்கொள்வேன். அவற்றை ஒருநாளும் வாயால் சொல்லக் கூடாது. அந்தச் சின்ன எண்ணை, மனதில் உள்ள எண் எத்தனையோ அத்தனை முறை எழுதி, ஒன்றோடு ஒன்று பெருக்க வேண்டும். வருவதை முதன்மை எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் சத்தமாகச் சொல்ல வேண்டும். கடைசியாக, நான் சொன்ன மீதியை அவர் எடுத்து, அவருடைய மன எண்ணைக் கொண்டு அதே கணக்கைச் செய்வார். அவர் சொன்ன மீதியை எடுத்து நான் என்னுடையதைக் கொண்டு செய்வேன். இருவருக்கும் ஒரே விடை வரும். கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு அது தெரியாது.

"ஒரே விட எப்பிடி வரும்? அவர் வெச்சது உங்களுக்குத் தெரியாதே" என்றார் ராத்தா.

"அவரும் பெருக்குறார், நானும் பெருக்குறன். யார் முன்னுக்குப் பெருக்கினா என்ன, பின்னுக்குப் பெருக்கினா என்ன, வாறது ஒண்டுதானே."

அவர் ஒரு கணம் கூரையைப் பார்த்தார். பிறகு "அட" என்றார்.

இருவரும் போனில் கல்குலேட்டரை எடுத்தோம். அந்த ஹோலில் கேட்ட எண்களை நான் இங்கே எழுதப் போவதில்லை. கணிதம் தெரிந்த வாசகர் யாராவது விடையைக் கண்டுபிடித்துவிடுவார். அவர் குனிந்து, வகுத்து, அழித்து, திரும்ப வகுத்து, ஒரு மீதியைச் சொன்னார். நான் என்னுடையதைச் சொன்னேன். வாப்பா பள்ளிவாசல் அறிவித்தல் கேட்பதுபோல ஒவ்வொரு எண்ணையும் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். திரும்ப ஒரு முறை கணக்கு. எனக்கு விடை வந்தது.

"வந்துட்டா?" என்று கேட்டேன்.

"வந்துட்டு."

"சத்தமாச் சொல்லாதீங்க. அது ரெட்டையா, ஒத்தையா எண்டு மட்டும் சொல்லுங்க."

"ஒத்த."

எனக்கும் ஒற்றைதான். ஆனால் அது மட்டும் போதுமா? நான் போனின் திரையை அவர் பக்கம் திருப்பி, கையால் மறைத்துக்கொண்டு காட்டினேன். அவரும் தன்னுடையதைத் திருப்பினார். ஒரே எண். அவர் முகம் மலர்ந்த விதத்தை இப்போதும் என்னால் பார்க்க முடிகிறது. முதல் முறையாக வலையில் மீன் கண்ட ஆளைப்போல இருந்தது.

"என்ன வந்திச்சு?" என்று உம்மா கேட்டார்.

"சொல்ல ஏலா உம்மா."

"சொல்ல ஏலாதா? இஞ்ச இரிந்து, எங்களுக்கு முன்னுக்கே கதைச்சுப்போட்டு?"

"ஓம் மாமி" என்றார் மாப்பிள்ளை, மிக மரியாதையாக. "சொல்ல ஏலா."

அதுவரை பயந்து இருந்த உம்மா அப்போது சிரித்துவிட்டார். நல்ல பிள்ளை என்று அந்த நேரத்தில்தான் முடிவு செய்ததாகப் பிறகு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். கையில் இருந்த தட்டை அவர் பக்கம் நீட்டி, "சாப்பிடுங்க மகன்" என்றார்.

அடுத்த நாள் பகல் என் போனுக்கு, தெரியாத இலக்கத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. அதில் ஒரே ஓர் எண். அதற்குக் கீழே: 'இதுதானே?'

அதுதான்.

நான் உடனே அந்த இலக்கத்துக்கு எடுத்தேன். மறுமுனையில் ராத்தா சிரித்துக்கொண்டிருந்தார். அவர் கணித டீச்சர் என்பதை, அவர்கள் போன பிறகுதான் வாப்பா சொல்லியிருந்தார்.

"எப்பிடிக் கண்டுபுடிச்ச டீச்சர்? தம்பி சொன்னாரா?"

"அவன் வாயே திறக்கல்ல. நான் கேட்டதுக்கு 'அது எங்கட விசயம்' எண்டுட்டான். எனக்கு விட ஏலாமப் போயிட்டு தங்கச்சி. நீங்க சொன்ன நம்பரெல்லாம் ஞாபகத்துல இரிந்திச்சு. காலையில இரிந்து, மனசுல வெச்சது ஒண்டா, ரெண்டா, மூணா எண்டு ஒவ்வொண்டாப் போட்டுப் போட்டுப் பாத்தன். சோறு அடுப்புல கருகிட்டு. ஆனா அவன் சொன்ன மீதி வந்திட்டு. மறுகா உங்கட மீதிய வெச்சு அதே கணக்கச் செஞ்சன், சுகம்தானே."

நான் ஹோலில் இருந்த கதிரையில் பொத்தென்று இருந்துவிட்டேன். ஒரு பூட்டை உடைப்பதற்கு இருக்கும் வழிகளில் மிகப் பழையது, சாத்தியமான எல்லாத் திறப்புகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது. யாரும் சொல்லிக் கொடுக்காமல் அந்த வீட்டில் ஒரு பெண் அதைச் செய்து முடித்திருக்கிறார், அதுவும் ஓர் ஆவலில். எனக்குக் கோபம் வரவில்லை. கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தேன். பிறகு நாங்கள் இருவரும் நீண்ட நேரம் கதைத்தோம். மெய்யான பாவனையில் அந்த எண்கள் ஒரு பக்கம் முழுவதையும் நிரப்பும் அளவுக்கு நீளமானவை என்றும், உலகத்துக் கணினிகளையெல்லாம் சேர்த்து வைத்தாலும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து முடிக்க முடியாது என்றும் சொன்னேன். "அப்ப நான் கெட்டிக்காரி இல்லையா?" என்றார். "கெட்டிக்காரிதான். எங்கட நம்பர்தான் சின்னது" என்றேன்.

போனை வைத்த கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை எடுத்தார். அதுதான் நாங்கள் தனியாகக் கதைத்த முதல் கதை. குரலில் மெய்யான கவலை.

"ராத்தா கண்டுபுடிச்சிட்டாவாமே. இப்ப எங்களுக்கு ரகசியம் இல்லாமப் போயிட்டே."

"பெரிய நம்பர் எடுப்பம்" என்றேன்.

"எவ்வளவு பெரிசு?"

"ராத்தாவுக்கு ஏலாத அளவு."

"அப்ப கல்யாணத்துக்கு ஓமா?" என்று அவர் கேட்டார்.

பெரிய எண் எடுப்பதற்கும் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "ஓம்" என்றேன்.

எங்கள் பக்க வழக்கப்படி நிக்காஹ்வுக்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கே குடிவந்தார். கரையில் நிற்கும் நாட்களில் விடியற்காலை மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு காரைதீவைத் தாண்டி ஒலுவிலுக்குப் போய், படகு வேலை பார்த்துவிட்டு வருவார். பின்னேரங்களில் நாங்கள் இருவரும் என் மடிக்கணினிக்கு முன்னால் இருப்போம். படகில் பாவிக்கும் போன்களுக்காகச் சின்ன ஒரு செயலியை நான் எழுதிக்கொண்டிருந்தேன். செட்டில் எல்லோரும் கேட்க ஒருவருக்கொருவர் ஓர் எண்ணை (பக்கம் நிரப்பும் அளவுக்கு இல்லை, ராத்தாவுக்கு எட்டாத அளவுக்கு நீளமானதை) வாசித்துக் காட்டினால் போதும், பெருக்கலையும் வகுத்தலையும் அது செய்துவிடும். வருகிற இரகசிய எண்ணிலிருந்து, அந்தப் பயணத்துக்கு மட்டும் எந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று இரண்டு போன்களும் ஒரே மாதிரிக் காட்டும். மாமி இந்தப் பயணத்தில் மீனாக இருப்பார், அடுத்ததில் காற்றாக இருப்பார்.

"ஒரு விசயம்" என்று ஒருநாள் அவர் சொன்னார். "ஆபத்து எண்டா இதெல்லாம் வேணாம். இயந்திரம் நிண்டிட்டு, படகுக்குள்ள தண்ணி வந்திட்டு எண்டா வெளிப்படையாத்தான் கதைக்கணும். எல்லாருக்கும் கேக்கணும். கேட்டாத்தான் வருவாங்க."

நான் அதற்கு முன் அப்படி யோசித்ததில்லை. எதை மறைப்பது என்பதுதான் எப்போதும் என் கவலை. எதை ஒருநாளும் மறைக்கக் கூடாது என்று செயலியின் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போட்டோம்.

இன்னொரு சந்தேகம் எனக்கு இருந்தது. "செட்ல வாற குரல் காக்காட குரல்தான் எண்டு எப்பிடித் தெரியும்? நடுவில வேற ஒராள் காக்கா மாதிரிக் கதைச்சு அவர்ட நம்பரத் தந்தா?" என் துறையில் இது பெரிய தலையிடி. இதற்காகவே தனியான கணக்குகள் இருக்கின்றன.

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "காக்கா ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னுக்கு ஒருக்கா இருமுவார். பிறகு என்னை ஏசுவார். மறுகாதான் விசயத்துக்கு வருவார். அத ஆரு செய்ய ஏலும்?"

அதையும் ஒரு பாதுகாப்பாக ஏற்றுக்கொண்டேன்.

அடிக்கடி மணல் மூடிப்போகும் துறைமுக வாயை அள்ளித் திறந்திருந்த பருவத்தில் இரண்டு படகும் கடலுக்குப் போயின. நான் கரையில் வயல் பெட்டிகளோடு அலைந்துகொண்டிருந்தாலும் மனம் முழுக்கக் கடலில்தான் இருந்தது. காரியம் நடக்குமா? செட்டின் இரைச்சலில் எண் ஒன்று பிழையாகக் கேட்டால் எல்லாம் பிழைத்துவிடுமே. மதினி (ராத்தாவை அப்போது அப்படித்தான் கூப்பிட்டேன்) பாடசாலை இடைவேளையில் எடுத்து, "ஏதும் செய்தி இரிக்கா?" என்று கேட்பார். நடுக்கடலில் இருந்து என்ன செய்தி வரும்? இரண்டு பேரும் ஒன்றுமில்லாததைப் பற்றிக் கதைத்துவிட்டு வைப்போம்.

அவர்கள் திரும்பி வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மதினியும் நானும் துறைமுகத்துக்குப் போனோம். காலை வெயில். ஐஸ் உடைக்கும் சத்தமும் ஆட்கள் கூப்பிடும் சத்தமும் காகங்களும். எங்கள் படகுகள் இரண்டும் உள்ளே வந்துகொண்டிருந்தன. அவற்றுக்குப் பின்னால் இன்னொன்று. அதற்குப் பின்னால் இன்னும் சில.

அவர் குதித்து இறங்கி வந்தார். முகம் நிறையச் சிரிப்பு.

"வேல செஞ்சிட்டு!" என்றார். "செட்ல நான் நம்பர் வாசிச்சன், காக்கா இருமிப்போட்டு அவர்ட நம்பர வாசிச்சார். மத்தப் படகெல்லாம் 'என்னடாப்பா, லொத்தர் டிக்கட்டா வாசிக்கிறீங்க' எண்டு கேட்டாங்க. ரெண்டு போன்லயும் ஒரே சொல் வந்திச்சு. ஒரு ஆளுக்கும் விளங்கல்ல. ஒரு ஆளுக்கும்!"

"மீன்?"

"மீன் கிடைச்சிது. சூரை, நல்லாக் கிடைச்சிது."

"அப்ப பின்னுக்கு வாற படகெல்லாம்?"

அவர் தலையைச் சொறிந்தார். "அவங்களுக்கும் கிடைச்சிது."

நான் ஒன்றும் விளங்காமல் மதினியைப் பார்த்தேன். அதற்குள் பின்னால் வந்த படகிலிருந்து நரைத்த தாடிக்காரர் ஒருவர் இறங்கி எங்களிடம் வந்தார். காரைதீவுப் பக்கத்துக்காரர், என் கணவரின் கூட்டாளி. அவரும் சிரித்துக்கொண்டுதான் வந்தார்.

"தங்கச்சி, நீங்கதானா அந்தக் கணக்குச் செஞ்ச ஆள்? கணக்கு நல்லம். என்ன கதைச்சாங்க எண்டு எனக்கு ஒண்டும் விளங்கல்ல. ஆனா ரெண்டு பேரும் செட்ல எதையோ வாசிச்சாங்க. பாத்தா, அண்ணன்ட படகு உடன திரும்பி, முழு வேகத்துல தம்பிட பக்கம் ஓடுது. அது எதுக்கெண்டு சொல்லியா தரணும்? நாங்களும் பின்னால போனம். கதைய மறைக்கலாம் தங்கச்சி. படக எங்க ஒளிக்கிற?"

மதினிதான் முதலில் சிரித்தார். பிறகு நான். பிறகு காக்கா இருமிக்கொண்டு வந்து தம்பியை ஏச, எல்லோரும் சேர்ந்து சிரித்தோம். என் கணவர் மட்டும் ஒரு கணம் முகம் வாடி நின்றார். நான் அவர் கையைப் பிடித்து, "கவலப்படாதீங்க, இது எனக்குப் பெரிய சந்தோசம்" என்றேன்.

மெய்யாகவே அது சந்தோஷம்தான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் தலைக்குள் வயல் பெட்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவை அனுப்பும் செய்தியை யாரும் வாசிக்க முடியாதபடி நான் பூட்டிவிட்டேன், சரி. ஆனால் தண்ணீர் ஏறும்போது பெட்டி அடிக்கடி செய்தி அனுப்புகிறது, தண்ணீர் இல்லாதபோது சும்மா கிடக்கிறது. செய்தியை வாசிக்காமலே, எத்தனை முறை அனுப்புகிறது என்று எண்ணினால் போதும், வாய்க்காலில் என்ன நடக்கிறதென்று வெளியாள் சொல்லிவிடுவான். அந்தப் படகைப் போலத்தான். புத்தகங்களில் இதைப் பற்றி நான் வாசிக்காமல் இல்லை. என் பெட்டிகளோடு சேர்த்து யோசிக்கத்தான் அன்றுவரை தோன்றவில்லை. அன்று பின்னேரமே வேலையைத் தொடங்கினேன். தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெட்டி ஒரே சீராகச் செய்தி அனுப்ப வேண்டும், பற்றரியும் சீக்கிரம் தீரக் கூடாது. என் ஆய்வின் மிக நல்ல பகுதி என்று பிறகு மேற்பார்வையாளர் சொன்னது அதைத்தான். அதை எழுதி முடித்த காலத்தில் நாவிதன்வெளி வயல்கள் கதிர் முற்றி மஞ்சளாக நின்றன. நானும் என் கணவரும் வரம்பில் நடந்துபோய், ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து புதிய நிரலை ஏற்றினோம். கடல்காரர் சேற்றில் இரண்டு முறை விழுந்தார்.

அதெல்லாம் பிறகு நடந்தது. துறைமுகத்திலிருந்து திரும்பிய அன்று, வாப்பா பெரிய சூரை ஒன்றை முற்றத்தில் வைத்து வெட்டிக்கொண்டிருந்தார். நான் உள்ளே கணினியைத் திறந்து வைத்து யோசித்துக்கொண்டிருந்தேன். சமையல் நடந்துகொண்டிருந்த குசினியிலிருந்து உம்மாவின் குரல் கேட்டது. போனில் தன் தங்கையான சாச்சியோடு கதைத்துக்கொண்டிருந்தார். மருமகன் சாப்பிடும்போது பெருமையாகச் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் ஒப்புவித்துக்கொண்டிருந்தார்.

"ஓம் கா, இந்த முறை 'கொட்டப்பாக்கு' எண்டாத்தான் சூரையாம். 'சீலை காயுது' எண்டா காத்தாம். மகள்தான் செஞ்சவள். மாஷா அல்லாஹ், ஒரு ஆளுக்கும் விளங்கல்லயாம்." பிறகு குரலைத் தாழ்த்தினார், ஆனால் முற்றம் வரைக்கும் கேட்டது. "இத ஆருக்கும் சொல்லிராத, கேட்டியா? பெரிய ரகசியம்."

என் கணவர் கதவு நிலையில் சாய்ந்து நின்று என்னைப் பார்த்தார். "அடுத்த பயணத்துக்குச் சொல் மாறும்தானே?" என்று மெதுவாகக் கேட்டார்.

"மாறும்" என்றேன். "உம்மா ஆசைதீரச் சொல்லட்டும்."